ஐந்து மணிக்கு எழுந்துவிடும் கைகள்

ஆங்கிலத்தில் பிராக்டீஸ் என்றொரு சொல் உண்டு. கலைச்சொல் தொகுப்பு ஒன்றை ஆக்கிக்கொண்டிருந்த நண்பர்கள் சிலர், அதற்கு நேரான தமிழ்ச்சொல்லைக் குறித்து அனுப்புமாறு சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டிருந்தார்கள். ஒற்றைச் சொல்லால் அதை அடைக்க இயலாது என்பது எழுதத் தொடங்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் ஒதியம்பட்டில் ஆங்கிலம் படியாதவர்களும் அச்சொல்லை நாள்தோறும் ஆள்கிறார்கள். மாதா கோயில் திருவிழா நெருங்கினால் பேண்டு வாத்தியக்காரர்கள் தோப்பில் கூடிப் பிராக்டீஸ் செய்கிறார்கள். அறுப்பு முடிந்த வயலில் மட்டை வீசும் இளைஞர்கள் செய்வதும் பிராக்டீஸ்தான். எதிர்வீட்டு வழக்கறிஞருக்குக் கடலூரில் பிராக்டீஸ். நான் முதலாவதற்கு ஒத்திகை என்றும், அடுத்ததற்குப் பயிற்சி என்றும், மூன்றாவதற்குத் தொழிலாற்றல் என்றும் எழுதினேன். பிறகு பழக்கம், வழக்கம், நடைமுறை ஆகியவற்றை ஒன்றோடொன்று மயங்காதவாறு பிரித்து விளக்கினேன். ஒருவரிடம் படிவது பழக்கம், ஊரிடம் படிவது வழக்கம் என்று எழுதியபோது எனக்கே ஒரு நிறைவு உண்டாயிற்று.

அதே நிறைவோடு, சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்த என் துணைவியிடம், மருத்துவர் ஒருவர் நோயாளிகளைப் பார்த்துவருவதை எப்படிச் சொல்வாய் என்று வினவினேன்.

“ஆள் பாக்கறதுன்னு சொல்வேன்” என்றாள்.

“அது கலைச்சொல் ஆகாதே.”

“ஆகலைன்னா போகுது. எனக்கு அஞ்சு மணிக்கு ஆள் வரும்” என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் மருத்துவர். திருமணமாகி வந்த காலந்தொட்டு எங்கள் வீட்டின் முன்னறையே அவளுடைய மருத்துவ அறை. வீட்டுக்கு இரண்டு வாயில்கள். சாலையைப் பார்த்த வாயில் நோயாளிகளுக்கு. பக்கத்துச் சந்தில் இருப்பது எங்களுக்கு. காலையில் அரசுப் பணி, மாலையில் இந்த அறை. ஐந்து மணிக்குக் கைகளைச் சவுக்காரம் இட்டு முழங்கை வரை கழுவுவாள். கடிகாரத்தின் முகம் உள்மணிக்கட்டில் அமையும்படி கட்டிக்கொள்வாள். உள்ளிருந்து முன்னறைக்குள் போவாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவளை அழைப்பதில்லை. நானும் மகளும் அவளுக்கு அப்போது உறவினர் அல்லர்.

இப்பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுச்சேரியில் எவ்வளவு பெரிய மருத்துவமனையில் காட்டினாலும், அங்கே தந்த மாத்திரையை உடனே விழுங்கமாட்டார்கள். தங்களுக்கு ஒத்துவந்த மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் வாயில் போடுவார்கள். அதைக் கைராசி என்பார்கள். அச்சொல்லில் பாதி வடமொழி என்பதால் நான் அதை எழுதியதில்லை. கைநலம் என்றே எழுதிவந்தேன். எப்படி எழுதினால் என்ன? என் துணைவிக்கு அது இருந்தது. பக்கத்து ஊரான உறுவையாற்றிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மாத்திரை உறைகளோடு வருவார்கள். அவள் வாங்கிப் பார்ப்பாள். சரி என்றால் திருப்பித் தருவாள். அளவு தவறாயிருந்தால் எழுதிய மருத்துவருக்கே தொலைபேசியில் சொல்லுவாள். ஊரார் கண்ணில் அவள் படித்துப் பார்ப்பது படவில்லை. கை தொட்டது மட்டுமே பட்டது.

மறதி எப்போது வந்தது என்று எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த நாளைச் சொல்லலாம். இருமலோடு வந்த ஒரு முதியவரை அவள் பார்த்து அனுப்பினாள். அவர் குடையை மறந்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார். அவரை உட்காரச் சொல்லி, முன்பின் பார்த்திராதவரிடம் கேட்பது போலப் பெயர் கேட்டு, மார்பில் குழல் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து மகிழ்ந்து சொன்னார்: “அம்மாவுக்கு இன்னிக்கு எம்மேல இன்னா அக்கற சார்! ரெண்டு தபா பாத்தாங்க.”

நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனித்திருக்கமாட்டார்.

நகரத்தில் அவளைச் சோதித்த மருத்துவர் அவளுக்கு இளையவர். ஒரு காலத்தில் அவளிடம் பணி கற்றவர். மூளைப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, தலை குனிந்தபடி, “மேடம், பிராக்டீஸ் இனிமே வேணாம்” என்றார்.

“சரிப்பா, விட்டுடறேன். ஆனா அஞ்சு மணிக்கு ஆள் வந்து பெஞ்சுல உக்காந்திருக்கும். நீயே வந்து அவங்ககிட்ட சொல்லிடு” என்றாள்.

அவர் வரவில்லை. நான் பெயர்ப்பலகையைக் கழற்றினேன். மருந்து எழுதும் தாள்களை அடுக்கி மகள் வீட்டுக்கு அனுப்பினேன். ஆயினும் ஐந்து மணிக்கு அவள் எழுந்தாள், கை கழுவினாள், கடிகாரம் கட்டினாள். வெளியே பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படி விளக்குவேன்? மற்றப் பொழுதில் அவள் சமையலறையில் நின்று அடுப்பு எங்கே என்று தேடினாள். என்னை நோக்கி, “நீங்க யாரைப் பார்க்கணும்?” என்று பணிவோடு கேட்டாள். மகளைச் செவிலி என்று எண்ணி வேலை ஏவினாள். ஆனால் முன்னறை நாற்காலியில் அமர்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். “இன்னாமா பண்ணுது?” என்று அவர்கள் பேச்சிலேயே கேட்பாள். விரல்கள் நாடியைத் தேடாமலே சென்று அமரும். மற்ற நேரமெல்லாம் காணாமற்போனவள் அந்த அறையில் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. உட்கதவோரம் நின்று அவளை ஒட்டுப்பார்ப்பது எனக்கும் ஒரு பழக்கமாயிற்று.

கேடு நேராதிருக்க ஓர் ஏற்பாடு செய்தோம். எங்கள் சாலையில் ஒரே ஒரு மருந்துக்கடை. கடைக்காரர் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர். அவள் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எதையாவது எழுதிக் கொடுத்தால், அது எதுவாயினும், உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, அரசு சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லவேண்டும் என்பது பேச்சு.

“கவலப்படாதீங்க ஐயா. அம்மா புண்ணியத்துல இந்த ஊர்ல எவனுக்கும் ஒடம்புல தண்ணி கொறையாது” என்றார் அவர். நெடுநாட்களுக்குப் பின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

எழுதிய சீட்டுக்கு அணை கட்டியிருந்தோம். வாய்ச்சொல்லுக்குக் கட்டவில்லை.

உறுவையாற்றில் கரும்பு வெட்டும் பெண் ஒருவர் சர்க்கரை நோய்க்கு அரசு மருத்துவமனை மாத்திரைகளை உண்டுவந்தார். புதிதாகத் தந்த மாத்திரையை அவள் தொட்டுத் தர வாங்கிப்போக வந்திருக்கிறார். நான் அன்று வில்லியனூர் அங்காடிக்குப் போயிருந்தேன். துணைவி மாத்திரைப் பட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்து, “இவ்ளோ எதுக்கு? பாதி போதும்” என்று சொல்லியிருக்கிறாள். எதை நினைத்துச் சொன்னாளோ! என்றோ யாருக்கோ சொன்ன அறிவுரை, ஆளும் நோயும் கழன்றுபோய், குரல் மட்டும் மிஞ்சி அவள் வாயில் வந்திருக்கவேண்டும். அப்பெண்மணி வீட்டுக்குப் போய் மாத்திரைகளைப் பாதியாக உடைத்து உண்ணத் தொடங்கினார். சில வாரங்கள் கழித்துக் கரும்புத் தோட்டத்திலேயே நினைவிழந்து விழுந்தார். உயிர் பிழைத்தது உடனிருந்தவர்கள் விரைந்து கொண்டுபோனதால்.

அவர் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் எதற்கும் அணியமாகத்தான் இருந்தேன். அவர் என்னை வைதிருந்தால், அடித்திருந்தாலும், தாங்கியிருப்பேன். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“கோச்சிக்காதீங்க சார். டாக்டரம்மா மேல தப்பு இல்ல. பாதி போடச் சொன்னாங்க. எங்கம்மா அத அருவாமனையில வெச்சி ஒடச்சிது. அந்த ஒடக்கிறதுல பவுடரு கொட்டிப் போயிருக்கும்.”

“தம்பி, டாக்டரம்மாவுக்கு மறதி நோய். அவர் சொல்வதைக் கேட்கக்கூடாது. சொன்னது தவறு” என்றேன்.

“மறதி மூளைக்குத்தானே சார்? கைக்கு இன்னா வந்துச்சி?” என்றவர், சட்டைப்பையிலிருந்து புதிய மாத்திரைப் பட்டையை எடுத்தார். “அம்மா முழிச்சிக்கினு இருந்தா, ஒரே ஒரு தபா தொட்டுக் குடுக்கச் சொல்லுங்க. தொடலன்னா எங்கம்மா சாப்ட மாட்டேங்குது.”

அந்தப் பட்டையை நான் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவளிடம் போகாமல் சுவரோரம் சிறிது நின்றேன். பிறகு திரும்பி வந்து, தொட்டுத் தந்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். முழு மாத்திரை உண்ணவேண்டும் என்று அம்மா உறுதியாகச் சொன்னதாகவும் கூட்டினேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அன்றே முன்வாயிலுக்குப் பூட்டுப் போட்டேன்.

மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, “இதை எப்பவோ பண்ணியிருக்கணும்பா. யாராவது செத்திருந்தா?” என்றாள். அவள் சொன்னது முற்றும் சரி. ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னே நடந்ததை அவள் நாள்தோறும் பார்க்கவில்லை.

ஐந்து மணி. நீர் விழும் ஓசை. கடிகார வாரின் கொளுவி மாட்டும் ஓசை. துணைவி போய் நாற்காலியில் அமர்வாள். எதிரே மூடிய கதவு. வெளியே சிலர், பூட்டைக் கண்ட பின்னும் போகாமல், வழக்கம்போலப் பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். உள்ளே ஒருத்தி, வெளியே நான்கைந்து பேர், நடுவே ஒரு பலகை. சன்னல் கம்பி வழியே எப்போதாவது ஒரு கை மாத்திரை உறையோடு உள்ளே நீளும். அவள் பார்க்கும் முன்பே நான் ஓடிப்போய் அதை வெளியே தள்ளுவேன்.

“வெளியில ஆள் நிக்குது. கதவைத் திறங்க” என்பாள் என்னிடம், மருந்து கட்டித் தருகிற ஊழியனிடம் சொல்வதைப்போல.

“இன்று யாரும் வரவில்லை.”

“பெஞ்சு சத்தம் கேக்குதே.”

வாரங்கள் செல்லச் செல்ல அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தலை கவிழ்ந்தபடி அமர்ந்திருந்தாள். அவள் விரல்கள் ஓயவில்லை. மேசையின் விளிம்பை மூன்று விரலால் பற்றி, உள்மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, உதடுகளால் எண்ணினாள். ஒருநாள் நாற்காலிக் கையைப் பிடித்து அதன் நாடியைப் பார்த்தாள். இன்னொரு நாள் தன் இடக்கையையே பிடித்துப் பார்த்துவிட்டு, ஏதோ தெரிந்துகொண்டவளாக, அதை மெல்ல மடியில் கிடத்தினாள். அதன் பிறகு உணவை மறுக்கத் தொடங்கினாள். ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டாள். முகம் தெரியாத ஒருவன் ஊட்டினால் யார்தான் உண்பார்கள்?

அந்நாட்களில்தான் கலைச்சொல் தொகுப்பு அச்சாகி வந்தது. பிராக்டீஸ் என்ற சொல்லுக்கு நான் அளித்தவை அத்தனையும் இருந்தன. பலமுறை படித்தேன். பயிற்சி அறிவுக்குப் போகும் வழி என்றும், பழக்கம் அறிவு நிலைத்த இடம் என்றும் என் விளக்கம் சொல்லிற்று. அறிவு வெளியேறிய பின்னும் உள்ளே நடமாடிக்கொண்டிருக்கிறதே, அதை என்னவென்று எழுதுவது? குடியிருந்தவர் போன வீட்டில் விளக்கு மட்டும் வேளை தவறாமல் எரிகிறது. ஏற்றுபவர் யார் என்று தெரியவில்லை. அந்த உறுவையாற்றுத் தம்பி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. கைக்கு என்ன வந்தது?

அவள் நான்காம் நாளாக ஒன்றும் உண்ணாத ஒரு மாலையில், நான் சட்டை மாற்றிக்கொண்டேன். சந்து வாயில் வழியே வெளியேறிச் சாலையைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். பெஞ்சில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“இன்னா சார், சொந்த வூட்டுக்கே வழி தெரியாம சுத்திக்கினு வரீங்க?” என்றார் ஒருவர்.

“டாக்டரைப் பார்க்க வந்தேன்” என்றேன்.

அவர் சிரித்தார். “வூட்டுக்குள்ளாறயே டாக்டர வெச்சிக்கினு பெஞ்சுல வந்து குந்தற மொத ஆளு நீங்கதான்.”

“ஏய், கம்முனு இருடி. பெரியவரு மூஞ்சப் பாரு” என்று மற்றவர் அவரை இடித்தார். “நீங்க மொதல்ல போங்க சார். நாங்க அப்பறமா போறோம்.”

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அவள் தலை நிமிர்ந்தது. எத்தனையோ நாளாக நான் காணாத முகம். அது என்னை அறிந்துகொண்ட முகமன்று. எனக்கு அந்த அறையில் ஓர் இடம் உண்டு என்று அறிந்த முகம்.

“வாங்க. உக்காருங்க. என்ன பண்ணுது?”

நோய் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று நான் எண்ணிப்பார்த்திருக்கவில்லை. “உறக்கம் வருவதில்லை” என்றேன்.

அவள் புன்னகைத்தாள். “வாத்தியாரா இருந்தீங்களா? பேச்சைக் கேட்டாலே தெரியுது. கையைக் குடுங்க.”

மூன்று விரல்கள் என் மணிக்கட்டில் வந்து அமர்ந்தன. என் வீட்டில், என் துணைவியின் கை, பல திங்களுக்குப் பின் தானாக வந்து என்னைத் தொட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். வழக்கத்தைவிட நெடுநேரம் எண்ணினாள் என்று எனக்குப் பட்டது. எண்ணிக்கை தவறி மீண்டும் தொடங்கினாளோ, அறியேன்.

“வீட்டுல யார் இருக்கா?”

“என் துணைவி.”

“நல்லா இருக்காங்களா?”

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

“அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க. இந்த வயசுல தனியா வரக்கூடாது” என்றாள்.

அன்றிரவு ஊட்டியதைச் சிறிது உண்டாள். மறுநாள் மருந்துக்கடைக்காரரிடம் போய்ப் பேசினேன். கதவைத் திறப்பதென்றும், உள்ளே வருபவர் யாராயினும் மாத்திரை, சீட்டு, உறை எல்லாவற்றையும் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வரவேண்டும் என்றும், நான் அறைக்குள்ளேயே அமர்ந்திருந்து, அவள் ஏதேனும் மருந்து சொன்னால் அங்கேயே மாற்றிச் சொல்வதென்றும் முடிவு செய்தோம். மகளும் அரைமனதோடு ஒப்பினாள். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. மாத்திரையைத் தொடாத கையால் என்ன பயன் என்று சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வருபவர்களிடம் கடைக்காரர், “மாத்திரைய உங்களுக்கு டாக்டர் குடுத்தாரு, கைய அம்மா பாப்பாங்க. ரெண்டயும் கலக்காதீங்க” என்று கண்டிப்பாகச் சொல்லுகிறார். அவர் சொன்னால் கேட்கிறார்கள்.

நான் நாள்தோறும் முதல் ஆளாகப் போகிறேன். பிறகு மூலையில் அமர்ந்துகொள்கிறேன். முடிந்ததும் முன்வாயிலால் வெளியேறி, சுற்றிக்கொண்டு, சந்து வாயிலால் வீட்டுக்குள் வருகிறேன்.

சென்ற வாரம், அவ்வாறு சுற்றிக்கொண்டு வந்து இட்டிலியை எடுத்து வைத்தேன். அவள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எதிரே வந்து அமர்ந்தாள். என்னை யாரென்று எண்ணினாளோ, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தவளைப்போலத் தொடங்கினாள்.

“ஒரு பெரியவர் வரார். தினமும் வரார்.”

“என்ன நோய் அவருக்கு?”

“நோயெல்லாம் ஒண்ணும் இல்லை. தூக்கம் வரலைன்னு சொல்றார்.” குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுல மனைவி இருக்காங்கன்னு சொல்றார். கூட்டிட்டு வாங்கன்னா கூட்டிட்டே வரதில்லை. எனக்கென்னவோ அந்தம்மா இல்லைன்னுதான் தோணுது.”

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“அவரிடம் அதைச் சொன்னாயா?”

“சே, சொல்வாங்களா? வந்தா கையைப் பிடிச்சுப் பார்த்து அனுப்பணும். அவ்வளவுதான்.”

இட்டிலியைப் பிய்த்து ஊட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்து, தன் கையாலேயே எடுத்து உண்டாள்.